கப்பற் செலவும் உணவு நெறியும்

(நம் சங்கத்தின் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று பேசுதற்கு எனக்குக் குறிக்கப்பெற்ற பொருள் ‘உடல்நலம்’ என்பதாகும். அது மிகப் பரந்த பொருள். ஆதலின் அதன் ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கின்றேன். கப்பற் செலவால் மக்கள் உணவைப்பற்றிக் கற்ற பாடங்கள் எவை, அவற்றை நம் வீட்டிலும் விருந்திலும் எங்ஙனம் கைக்கொள்ளலாம் என்பதே என் பேச்சு.

கப்பலுக்கும் உணவு நெறிக்கும் என்ன இயைபு என்று சிலர் வினவலாம். நிலத்தில் வாழ்வோன் காலையில் ஓரிடத்தும் மாலையில் மற்றோரிடத்தும் உண்கின்றான். அவனுக்கு வந்த நோய் எவ்வுணவால் வந்தது எனத் துணிதல் அரிது. கப்பலில் இருப்போரோ ஒரே அடுக்களையில் ஆக்கியதை உண்பவர். அவர்க்கு வேறு போக்கில்லை. ஆகவே ஊரில் இருபது ஆண்டுகளில் வெளிப்படும் உணவுக் குற்றம் கப்பலில் சில திங்களிலும், சிலபோது இரண்டே நாளிலும் வெளிப்பட்டுவிடுகின்றது. பொன்னின் மாற்றை உரைகல் காட்டுவதுபோல, உணவின் குற்றங் குணங்களைக் கப்பல் காட்டுகின்றது.

முதலிற் பழைய கப்பல்களைப் பார்ப்போம். வாஸ்கோ ட காமா 1498-ஆம் ஆண்டு கோழிக்கோட்டிற்கு வந்த செய்தி பள்ளிச் சிறுவரும் அறிந்ததே. அவர் மீண்ட வரலாற்றைப் பலர் அறியார். வருங்கால் பருவக்காற்றின் துணையால் ஏறத்தாழ 23 நாளில் கடந்த அரபிக்கடலை, மீளுங்கால் காற்று உதவாமையால் கடக்க ஏறத்தாழ 3 மாதம் ஆயிற்று. அதற்குள் மாலுமிகளின் ஈறுகள் வீங்கிப் பற்களை மூடின, கைகால்கள் வீங்கின, பலர் மாண்டனர். 1499-ஆம் ஆண்டு சனவரியில் ஆப்பிரிக்கக் கரையிலுள்ள மாலிந்தித் துறையை அடைந்தபோது நோயாளிகள் பெரிதும் விரும்பியது ஆரஞ்சுப் பழமே என்று அச்செலவின் நாட்குறிப்புக் கூறுகின்றது. அந்நோய்க்கு ‘ஸ்கர்வி’ என்பது பெயர். கப்பலில் உணவு இல்லாமற் போகவில்லை. உப்பிட்ட இறைச்சியும் காய்ந்த ரொட்டியும் இருந்தன. இல்லாதவை பச்சைக் காயும் புதுக் கனியுமே.

இந்நோயின் மருந்தைச் சோதனையாற் காட்டியவர் ஜேம்ஸ் லிண்ட் என்னும் கப்பல் மருத்துவர். 1747-ஆம் ஆண்டு மே மாதத்தில், ‘சாலிஸ்பரி’ என்னும் கப்பலில் நோயுற்ற 12 பேரை இருவர் இருவராக 6 பிரிவாக்கினார். பொது உணவு அனைவர்க்கும் ஒன்றே. மருந்து மட்டும் வேறு வேறு. ஒரு பிரிவினர்க்கு ஆப்பிள் மது. ஒரு பிரிவினர்க்குக் காடி. ஒரு பிரிவினர்க்குக் கடல்நீர். ஒரு பிரிவினர்க்குக் கந்தக அமிலம் கலந்த மருந்து. ஒரு பிரிவினர்க்குப் பூண்டும் கடுகும் பிறவும் சேர்ந்த லேகியம். எஞ்சிய இருவர்க்கு நாள்தோறும் 2 ஆரஞ்சும் 1 எலுமிச்சையும். ஆறே நாளிற் பழங்கள் தீர்ந்துவிட்டன. எனினும் அதற்குள் பழம் உண்டவருள் ஒருவர் வேலைக்குத் திரும்பும் நிலை எய்தினார். மற்றவர் பிற நோயாளிகட்குப் பணிவிடை செய்யும் அளவுக்குத் தேறினார். லிண்ட் தம் நூலை 1753-இல் வெளியிட்டார். ஆயினும் பிரிட்டிஷ் கடற்படை எலுமிச்சைச் சாற்றை முறையாக வழங்கத் தொடங்கியது 1795-இல்தான். நல்ல மருந்து கண்முன் இருந்தும், அதனைக் கைக்கொள்ள 48 ஆண்டுகள் கழிந்தன! அறிவு வேறு, வழக்கம் வேறு என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இதிலிருந்து நம் தாய்மார் கொள்ளத்தக்கது ஒன்றுண்டு. அப்பழங்களில் உள்ள வைட்டமின் ‘சி’ என்னும் சத்து, நெருப்பிற் கொதித்தால் பெரிதும் அழியும். எலுமிச்சைச் சோற்றுக்குத் தாளிப்பை அடுப்பினின்று இறக்கிய பின்னரே சாற்றைப் பிழிதல் வேண்டும். விலையுயர்ந்த அயல்நாட்டுக் கனிகளைத் தேடவும் வேண்டா. நெல்லிக்காயிலும் கொய்யாவிலும் ஆரஞ்சைவிட அச்சத்து மிகுதி.

நிற்க. இரண்டாவது பாடம் சோறுண்ணும் நம்மனோர்க்கு இன்னும் அணித்தானது. ஜப்பானியக் கடற்படையில் ‘பெரிபெரி’ என்னும் நோய் ஒரு காலத்திற் பெருகியிருந்தது. கால்கள் வலியிழக்கும், உடல் வீங்கும், இறுதியில் நெஞ்சு தளர்ந்து உயிர் போகும். 1882-83-இல் நெடுஞ்செலவு சென்று மீண்ட ‘ரியூஜோ’ என்னும் கப்பலில் இருந்தோர் 376 பேர். அவருள் 169 பேர் இந்நோய்ப்பட்டனர். 25 பேர் இறந்தனர். கடற்படை மருத்துவராகிய தகாகி கனேஹிரோ என்பவர், அதே வழியில் 1884-இல் ‘ட்சுகுபா’ என்னும் மற்றொரு கப்பலை அனுப்பச் செய்து, வெண்சோற்றைக் குறைத்து, இறைச்சி, பால் முதலியவற்றைக் கூட்டுவித்தார். அக்கப்பலில் அந்நோயால் ஒருவரும் இறந்திலர். புரதக் குறைவே காரணம் என அவர் கருதினார். உண்மைக் காரணம் பின்னர்த் தெளிவாயிற்று. அரிசியைத் தீட்டித் தீட்டி வெண்மையாக்குங்கால், தவிட்டோடு வைட்டமின் ‘பி1’ என்னும் சத்தும் போய்விடுகின்றது என்பதே அது.

இவ்விடத்துத் தமிழர்பற்றிய செய்தி ஒன்றையும் கூறவேண்டும். மலேயாவில் மருத்துவம் புரிந்த பிராடன் என்பவர், தீட்டிய பச்சரிசியை உண்ட சீனத் தொழிலாளரிடம் பெரிபெரி மிகுதியாகவும், புழுங்கலரிசி உண்ட தமிழ்த் தொழிலாளரிடம் அரிதாகவும் இருந்ததைக் கண்டு, 1907-இல் நூலாக வெளியிட்டார். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டுப் பகுதியிலுள்ள சத்து அரிசியினுள் இறங்கிவிடுகின்றது. கடல் கடந்து கூலிக்குச் சென்ற நம் நாட்டு ஏழைகளை, அவர்தம் பாட்டிமார் பழக்கிய புழுங்கலரிசி காத்தது. அங்ஙனமிருக்க, மல்லிகைபோல் வெளுத்த அரிசியே மேன்மைக்கு அடையாளம் என்று நாம் இன்று கருதுவது எத்துணைப் பேதைமை!

பழைய கப்பலில் குறைவே பகை. இன்றைய உல்லாசக் கப்பலிலோ மிகுதியே பகை. 2022-ஆம் ஆண்டு சூன் மாதத்திற் சென்னைத் துறைமுகத்தினின்றே உல்லாசக் கப்பற் செலவு தொடங்கப்பெற்றமையால், நம் சங்கத்துக் குடும்பங்கள் சிலவும் அத்தகைய செலவை மேற்கொண்டுள்ளன. யானும் என் குடும்பத்தாருடன் மூன்று நாட் செலவு ஒன்று சென்று வந்தேன். அங்குக் கண்டவற்றுள் பயன்படத்தக்கன சிலவற்றைக் கூறுவேன்.

முதலாவது, கட்டணத்திலேயே உணவும் அடங்கிவிடுகின்றது. ‘கொடுத்த பணத்திற்கு உண்ண வேண்டாமா’ என்னும் எண்ணம் அங்குப் பலரை ஆட்டுகின்றது. பணம் முன்பே போயிற்று. மிகுதியாக உண்பதனால் அது திரும்பி வாராது, நோய்தான் வரும். ஒரு சுவையிற் சலித்த நா, மற்றொரு சுவையைக் கண்டவுடன் புதிதாகப் பசித்ததுபோல் எழும். அஃது இயற்கை. நாற்பது வகை உணவு பரப்பிய இடத்தில் வயிற்றின் குரலைக் கேட்டல் அரிது. ஆதலின் தட்டை எடுக்குமுன் ஒருமுறை வெறுங்கையோடு சுற்றிவந்து, இன்று உண்பன இவை எனத் துணிதல் வேண்டும். பின்னர்த் தட்டிற் பாதியைக் காய்கறிகட்கும், கால் பங்கைப் பருப்பு, முட்டை, மீன் போன்றவற்றிற்கும், கால் பங்கைச் சோறு அல்லது ரொட்டிக்கும் ஒதுக்குதல் வேண்டும். காயையும் பருப்பையும் முதலில் உண்டு, சோற்றைப் பின்னர் உண்டால், இரத்தத்திற் சர்க்கரை ஏறுவது மட்டுப்படும் என்று அண்மைக் கால ஆய்வுகள் காட்டியுள்ளன. இலையிற் கறி வகைகளை முன்னர்ப் பரிமாறிப் பின்னர்ச் சோறு படைக்கும் நம் பந்தி முறைக்கு இஃது ஒத்ததே.

இரண்டாவது, கைத்தூய்மை. இன்றைய கப்பல்களைப் பெரிதும் அச்சுறுத்துவது ‘நோரோ வைரஸ்’ என்னும் கிருமி. அது தொற்றிய 12 முதல் 48 மணி நேரத்திற்குள் வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாகும். பலரும் தொடும் பொது அகப்பை ஒன்றே அதனைப் பரப்பப் போதும். அமெரிக்க அரசினர் கப்பல் தூய்மைக்கெனவே 1970-களில் ஒரு திட்டம் வகுத்தனர். சானிடைசர் தடவினாற் போதும் என்று பலர் எண்ணுகின்றனர். இக்கிருமியின்மாட்டு அது நன்கு பயன்படாது. சோப்பும் ஓடும் நீருங்கொண்டு 20 வினாடியேனும் கையைத் தேய்த்துக் கழுவுதலே காவல். வாந்தியோ வயிற்றுப்போக்கோ உடையவர், நின்றபின்னும் இரண்டு நாளேனும் பிறர்க்குச் சமைத்தலும் பரிமாறலும் கூடா.

மூன்றாவது, மருந்து. எம்மோடு கப்பல் ஏறிய முதியவர் ஒருவர் நீரிழிவு நோயாளர். தம் இன்சுலினைப் பெரிய பெட்டியுள் வைத்து அப்பெட்டியைத் துறைமுகத்தில் ஒப்படைத்துவிட்டார். பெட்டி அறைக்கு வந்து சேர்ந்தபோது மாலை ஆகிவிட்டது. நண்பகல் உணவு எதிரில் இருந்தும் அவர் உண்ண அஞ்சி அமர்ந்திருந்தார். அவர் மகளார் கண்கலங்கிக் கப்பல் மருத்துவரை நாடி ஓடினார். நல்வினையாகத் தீங்கொன்றும் நேரவில்லை. கப்பலாயினும் இரயிலாயினும் மருந்து, மருத்துவர் சீட்டு, சர்க்கரை திடீரெனத் தாழ்ந்தால் உண்ணுதற்குச் சிறிது இனிப்பு ஆகிய மூன்றும் கைப்பையில், நம் கைக்கெட்டும் இடத்தில் இருத்தல் வேண்டும். முதியோரை அழைத்துச் செல்லும் மக்கள் இதனைத் தம் கடமையாகக் கொள்க.

நான்காவது, நடை. கப்பலில் மின்தூக்கியை விட்டுப் படியேறுவாரும், உண்டபின் மேல்தளத்திற் காற்றுவாங்கி நடப்பாரும் களைப்பின்றி இருந்தனர். உண்டவுடன் பத்து நிமிடம் மெல்ல நடப்பதும் சர்க்கரை ஏற்றத்தைத் தணிக்கும். கடல் அலைப்பால் குமட்டல் வருவோர் வயிறு நிறைய உண்ணாமல், சிறிது சிறிதாக உண்டு, தொலைவிலுள்ள அடிவானத்தை நோக்கியிருத்தல் நன்று. இஞ்சியும் சிலர்க்கு உதவும்.

அன்பர்களே! கப்பலைப்பற்றி இத்துணை கூறியது கப்பலேறுவார்க்காக மட்டுமன்று. இந்தியாவில் 10.1 கோடி மக்கள் நீரிழிவு உடையவர் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நடந்த ஆய்வு 2023-இல் அறிவித்தது. இவ்வவையில் அந்நோய் இல்லாத வீடு எத்துணை என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள். நம் திருமண விருந்துகளும் இப்பொழுது கப்பல் விருந்துகள் போலவே ஆகிவிட்டன. பந்தி போய்ப் ‘பஃபே’ வந்தது. இனிப்பு ஐந்து வகை, பொரித்தது ஆறு வகை. காய் ஒரு மூலையில். மணமகளின் தந்தையார் கடன்பட்டுப் பரப்பிய உணவிற் பெரும்பகுதி குப்பையிற் சேர்கின்றது. எஞ்சியது விருந்தினர் உடலில் நோயாகச் சேர்கின்றது. விருந்தோம்பல் என்பது வந்தவர் நலம் பேணுதலன்றோ?

ஆதலின் நம் சங்கத்துத் திருமண மண்டபத்தில் நான்கு ஏற்பாடுகள் செய்யுமாறு நிர்வாகக் குழுவினரை வேண்டிக்கொள்கின்றேன். காய்கறியும் பழமும் வரிசையின் தொடக்கத்தில் வைக்கப்பெறுக. தட்டுகள் சிறியனவாகுக, வேண்டுவோர் மீண்டும் வந்து பெறலாம். கை கழுவும் இடத்தில் சோப்பு எப்பொழுதும் இருக்க ஒருவர் பொறுப்பேற்க. இனிப்பு இரண்டு வகைக்கு மேற்படாதாகுக. இவற்றாற் செலவு கூடாது, குறையும். செல்வர் இதனைத் தம் இல்லத் திருமணத்தில் முதலிற் செய்து காட்டின், எளியோர்க்கு நாணம் இராது, கடனும் இராது.

திருவள்ளுவர் ‘மருந்து’ என்று பெயரிட்ட 95-ஆம் அதிகாரத்தில் மருந்துச் சரக்குகளைக் கூறினாரிலர். முன்னுண்டது செரித்தபின் அளவறிந்து உண்ணுதலையே விரித்துரைத்தார். கடலோடிகள் உயிர்கொடுத்துக் கற்றதும் அதற்கு அயலானதன்று. அவர்கள் எலுமிச்சையின் பயனைக் கண்டும் 48 ஆண்டுகள் வாளாவிருந்தனர். நாம் அத்துணைக் காலம் தாழ்க்க வேண்டா. வரும் தை மாதத் திருமணங்களிலேயே தொடங்குவோமாக.