பதிவேறாத மலையும் பெயரேறாத பறவையும்



2019-இல் தனி மாவட்டமாகிய கள்ளக்குறிச்சிக்கு மேற்கே கல்வராயன் மலை நிமிர்ந்து நிற்கின்றது. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு கூறாகிய அம்மலையிற் பிறக்கும் கோமுகி ஆறு, கச்சிராயப்பாளையத்தை அடுத்த அணையில் தேங்கித் தாழ்நில வயல்களை வாழவைக்கின்றது. மலையாளி எனப்படும் பழங்குடி மக்கள் அங்கே தினையும் சாமையும் விளைத்து, கடுக்காயும் தேனும் திரட்டி வாழ்ந்து வருகின்றனர். எம்மரம் எத்திங்களில் பூக்கும், எப்பறவை எங்கே கூடு கட்டும் என்பன அவர்தம் அன்றாட அறிவு. அவ்வறிவு அறிவியல் ஏட்டில் ஏறியுள்ளதா என்பதே ஈண்டு எழும் வினா.

ஆய்வென்பது ஆய்வுக்கூடத்தார்க்கே உரியது என்னும் எண்ணம் பழங்கதையாயிற்று. வட அமெரிக்காவில் திருநாள்தோறும் பறவைகளைச் சுட்டு வீழ்த்துதல் ஒரு விளையாட்டாக இருந்தது. அதனை மாற்ற விழைந்தார் பிராங்கு சாப்மன் என்னும் பறவையியலறிஞர். 1900 திசம்பர் 25-ஆம் நாள் 27 பேர், சுடுவதை விடுத்து எண்ணுவதைத் தொடங்கினர். அக்கணக்கெடுப்பு இன்றும் ஆண்டுதோறும் நடைபெறுகின்றது.

2002-இல் கார்னெல் பறவையியல் ஆய்வகமும் ஆடுபான் கழகமும் 'இ-பேர்டு' என்னும் இணையத்தளத்தை நிறுவின. எவரும் தாம் நின்ற இடம், நாள், நோக்கிய நேரம், கண்ட பறவைகளின் எண்ணிக்கை ஆகியவற்றை அதிற் பதியலாம். வழக்கத்திற்கு மாறான பதிவைக் கணிப்பொறி பிரித்துக் காட்டும். அவ்வட்டாரப் பறவைகளை நன்கறிந்த தொண்டர் அதனை ஒப்புநோக்குவர். கண்டவை அனைத்தையும் விடாது எழுதிய பட்டியலுக்குத் தனிமதிப்பு உண்டு. அதில் இல்லாத பெயரும் ஒரு செய்தி சொல்லும்.

தமிழ்நாட்டிலும் இம்முயற்சி வேரூன்றியுள்ளது. 2015 முதல் பறவை நோக்கர்கள் பொங்கல் நாள்களில் பறவைக் கணக்கெடுப்பு நடத்தி வருகின்றனர். பதினைந்து மணித்துளியேனும் ஓரிடத்தில் நோக்கி எண்ண வேண்டும் என்பதே அதன் முறை.

இதனால் விளைந்த பயன் யாது? 2023-இல் வெளிவந்த 'இந்தியப் பறவைகளின் நிலை' என்னும் அறிக்கை, ஏறத்தாழ 30,000 பேர் அளித்த 3 கோடிப் பதிவுகளின் மேல் எழுந்தது. நெடுங்காலப் போக்கினை ஆராய முடிந்த 338 இனங்களுள் 60 விழுக்காடு குறைந்துவிட்டன என்று அது காட்டிற்று. பனை மரத்தில் அமர்ந்து நீலச் சிறகு விரிக்கும் பனங்காடை அவ்வாறு அருகிவரும் ஒன்று, மயிலோ பெருகியுள்ளது. கூலி பெறாத மக்களின் கண்களே இவ்வுண்மையை நாட்டுக்கு உணர்த்தின.

ஆயினும் ஒரு குறை உளது. பதிவோர் செல்லும் இடமே நிலப்படத்தில் நிறையும்; செல்லாத இடம் வெறுமையாய்க் கிடக்கும். நகரத்தார் ஒருவர் மேகம் அருவியைக் காண வந்து, ஒரு பகலில் சில பெயர்களைக் குறித்துச் செல்லலாம். ஆண்டு முழுதும் அங்கேயே வாழும் மலைமக்களின் கண்ணுக்கு அவர் கண் ஈடாகுமோ? மலைமக்களிடம் கண்ணிலும் குறையில்லை, அறிவிலும் குறையில்லை. ஆங்கிலப் பெயரைத் தேடி எழுதத் தெரிந்தவரே நோக்கர் என்றால், குரல் கேட்ட அளவிலேயே செம்போத்தை இனங்காண்பவர் வாயிலுக்கு வெளியே நிற்க நேரும்.

பறவைகளுக்குத் தமிழில் பெயரில்லை என்பார் உளர். குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை நிரல்பட வைத்த கபிலரின் மொழியா பெயரின்றி ஏங்குவது? பெயர் இன்மை குறையன்று. பெயர் பலவாதலே இடர். இரட்டைவால் குருவி, கரிச்சான், வலியன் என ஒரே பறவை ஊர்தோறும் வேறு பெயர் பெறுகின்றது. ஆதலால் இலத்தீன அறிவியற்பெயரை வெறுக்க வேண்டுவதில்லை; அஃது உலகப் பொதுக்குறி. அதனருகே வழக்கிலுள்ள தமிழ்ப்பெயர்களை நிறுத்துதலே செய்யத்தக்க பணி. பேராசிரியர் க. ரத்னம் 'தமிழில் பறவைப் பெயர்கள்' என்னும் நூலால் அதற்கு வழிகாட்டியுள்ளார்.

தனித்தமிழ் அன்பர்க்கும் இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. ஆங்கிலப் பெயரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்துப் புதுப்பெயர் புனைவது எளிது. ஆனால் மலையூரில் உயிரோடு உலவும் பெயரை அப்புனைவு புதைத்துவிடுமாயின், அது தமிழுக்குச் செய்யும் தொண்டாகாது. அகரமுதலியைப் புரட்டுமுன் முதியோரை வினவுக. வினவியும் பெயர் கிடையாதபோதே புதுச்சொல் ஆக்குக.

வெள்ளிமலையிலும் கரியாலூரிலும் பயிலும் பிள்ளைகள் இதனைத் தொடங்கலாம். பாட்டனும் பாட்டியும் சொல்லும் பெயர், அதற்குரிய பறவையின் நிறம், குரல், கண்ட இடம், கண்ட நாள் ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதட்டும். ஆசிரியர் அவற்றை அறிவியற்பெயரோடு பொருத்தி இணையத்தில் ஏற்றட்டும். பள்ளி வாயிலில் நிற்கும் ஒரு மரத்தையேனும் கிழமைக்கொருமுறை நோக்கி, தளிரும் பூவும் காயும் எப்போது தோன்றின என்று குறிக்கட்டும். ஓராண்டில் அஃது ஒரு குறிப்பேடு; இருபதாண்டில் அஃது அம்மலையின் வரலாறு.

முதியோர் ஒருவர் மறையுந்தோறும் சில பெயர்களும் உடன் மறைகின்றன. அவை மறையுமுன் எழுதிக்கொள்ளும் கை, தமிழ்க்கையாகவே இருத்தல் வேண்டும்.