பசித்தவன் கோபம்

(ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் பேசியது)



சங்க ஆபீசுக்கு வருகிற வழக்குகள் எல்லாம் கூலி வழக்குகள் அல்ல. "நைட் ஷிப்டு முடிந்து வந்தால் பிள்ளைகளைக் கண்டபடி அடிக்கிறார், நீங்கள்தான் கேட்க வேண்டும்" என்று ஒரு தாய் வந்து நின்றார். அந்தத் தோழரை நாம் அறிவோம். வேலைநிறுத்தத்தில் தடியடி பட்டும் நிதானம் தவறாதவர். கூப்பிட்டுக் கேட்டோம். "ஏன் அடிக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை, தோழர்" என்று தலை குனிந்தார்.

மேஸ்திரியைக் கேட்டால், "இந்த ஜனங்களே இப்படித்தான்" என்பார். பண்ணையார்களும் அன்று நம் பாட்டன்மாரை அப்படித்தான் சொன்னார்கள்: சோம்பேறி, முன்கோபி, மந்தபுத்தி. விஞ்ஞானம் என்ன சொல்கிறது?

1944 நவம்பரில், யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது, அமெரிக்காவில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற விஞ்ஞானி ஒரு சோதனை தொடங்கினார். ஐரோப்பாவில் பட்டினி கிடந்த மக்களை எப்படி உணவு கொடுத்து மீட்பது என்று அறிவதே நோக்கம். மனச்சாட்சிப்படி ஆயுதம் ஏந்த மறுத்த வாலிபர்கள் 36 பேர் தாமாகவே முன்வந்தார்கள். உடலும் மனமும் திடமானவர்கள் என்று பொறுக்கி எடுக்கப்பட்டவர்கள். 1945-ல் 24 வாரம் அவர்களுக்கு ஏறக்குறையப் பாதி உணவு. உருளைக்கிழங்கு, ரொட்டி, மக்ரோனி. வாரம் 22 மைல் நடக்கவும் வேண்டும்.

உடல் எடையில் கால் பங்கு போயிற்று. அதோடு நிற்கவில்லை. சிரிப்புப் போயிற்று. சிநேகிதர்கள் அற்பக் காரியத்துக்கு ஒருவர்மேல் ஒருவர் எரிந்து விழுந்தார்கள். சதா சோற்று நினைவு. சமையல் புத்தகங்களை வைத்துக்கொண்டு படித்தார்கள், தட்டை நக்கினார்கள். கோடையிலும் குளிரெடுத்தது. மறுபடி உணவைக் கூட்டிய பிறகும் மனம் உடனே தேறவில்லை. ஒருவர் கோடாரியால் தன் விரல்களையே வெட்டிக்கொண்டார். வேண்டுமென்று செய்தாரா, தவறிப் பட்டதா என்று அவருக்கே சொல்லத் தெரியவில்லை!

ஆறு மாதப் பட்டினிக்கு, அதுவும் முடியும் நாள் தெரிந்த பட்டினிக்கு, இந்தக் கதி. ஆயுள் முழுதும் கஞ்சியில் கிடந்த பண்ணையாளை மந்தபுத்தி என்றார்களே!

வயிறு நிறைந்தால் மட்டும் போதாது. இரவெல்லாம் ரிங் பிரேமுக்கு முன்னால் நின்றவன் பகலில் படுத்தால் உடம்பு முழுத் தூக்கம் கொடுப்பதில்லை. தகரக் கூரையும் தெருச் சத்தமும் மீதியையும் பறித்துவிடும். தூக்கம் கெட்டவனுக்குப் பிள்ளை அழுவதும் சைரன் போலக் கேட்கும்.

எல்லா மனநோயும் வயிற்றில் பிறப்பதல்ல என்பதையும் சொல்லிவிடுகிறோம். வாரக்கணக்கில் மனம் சோர்ந்து கிடப்பவரை டாக்டரிடம் அழைத்துப் போங்கள், பூசாரியிடம் அல்ல.

அப்படியானால் அடிப்பது நியாயமா? இல்லை, தோழர்களே. அதே பசியும் அதே தூக்கமும் அந்தத் தாய்க்கும் உண்டு. எல்லோரும் சாப்பிட்ட பிறகு சட்டியை வழித்துச் சாப்பிடுகிறவர் அவர்தான். அவர் யாரை அடிப்பார்?

அந்தத் தோழரிடம் கண்டிப்பாகச் சொன்னோம்: பிள்ளைகள்மேல் கை வைக்கக் கூடாது; வந்ததும் சாப்பிட்டுப் படுங்கள், வழக்கெல்லாம் எழுந்த பிறகு. அவர் ஒப்புக்கொண்டார். இரவு ஷிப்டுக்குக் கேண்டீனில் சூடான சாப்பாடு வேண்டும், ஒரே ஆளைத் தொடர்ந்து இரவில் போடக் கூடாது என்ற இரண்டையும் கோரிக்கைப் பட்டியலில் சேர்த்திருக்கிறோம். "இதெல்லாம் ஒரு கோரிக்கையா?" என்று கமிட்டியில் ஒரு தோழர் கேட்டார். வருகிற ஞாயிற்றுக்கிழமை பொதுக்குழுவில் அவருக்கு நீங்கள் பதில் சொல்லுங்கள். தாய்மார்களும் வர வேண்டும்.