தண்டவாளம் முதலில்



வானொலியில் ஒரு நகரத்தைக் காட்ட வழியில்லை. ஆனால் அது எப்படித் தொடங்கும் என்பதைக் காதால் சொல்லிவிடலாம். ஒரு பிளாஸ்டிக் வாளி நிறைய லெகோ கட்டைகள். அதற்குள் கையை விட்டுத் துழாவினால் ஒரு சத்தம் எழும். பல்லாங்குழி ஆடுகிற வீட்டில் சோழியை அள்ளிப் போடுவார்களே, அந்தச் சத்தத்தைப் பத்து மடங்கு பெருக்கிக்கொள்ளுங்கள். தேடுகிற கட்டை கைக்கு அகப்படும்வரை அது ஓயாது. ராத்திரி பத்து மணிக்கு மேல் வாளியைத் தொடக்கூடாது என்று எங்கள் வீட்டில் சட்டம் போட்டிருக்கிறார்கள். போட்டவர் யார் என்று உங்களுக்கே தெரியும்.

மொட்டை மாடியில் உள்ள ஒற்றை அறையில், இரண்டு பழைய கதவுகளைப் படுக்கப் போட்டு, அவற்றின்மேல் பன்னிரண்டு வருடங்களாக ஒரு நகரம் கட்டிக்கொண்டிருக்கிறேன். நகரத்துக்குப் பெயர் கிடையாது. ஜனத்தொகை நூற்றுச் சொச்சம். எல்லாருக்கும் மஞ்சள் முகம், ஏறக்குறைய 4 சென்டிமீட்டர் உயரம். ஒரு தீயணைப்பு நிலையம், ஒரு பேக்கரி, மாடியில் யாரும் குடியேறாத நாலு வீடுகள், ஒரு ரயில் நிலையம். நிலையத்தின் வெள்ளைச் சுவர் இப்போது பழைய செய்தித்தாள் நிறத்தில் இருக்கிறது. மேற்கு ஜன்னல் ஓரம் வைத்தேன். சென்னை வெயில் இந்த வகை பிளாஸ்டிக்கை மஞ்சளாக்கிவிடும் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. கோடைக்கு இரண்டு முறை பெயின்ட் உரிகிற ஊரில் இதுவும் பொருத்தமாகத்தான் இருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

இந்த நகரத்தை நான் முதலில் தப்பாகக் கட்டினேன். வீடுகளை வரிசையாக எழுப்பிவிட்டு, கடைசியில் ரயில் விடலாம் என்று நினைத்தேன். ரயில் எங்குமே நுழையவில்லை. மூன்று வீடுகளையும் ஒரு பூங்காவையும் இடிக்க வேண்டியதாயிற்று. கட்டை நாம் சொன்னபடி கேட்கும். தண்டவாளம் கேட்காது. இந்தப் பொழுதுபோக்கில் நான் படித்த பாடம் அவ்வளவுதான், மற்றதெல்லாம் அதற்கு விளக்கம்.

கட்டை எவ்வளவு இணக்கமானது என்று பாருங்கள். மேலே எட்டுக் குமிழ் உள்ள சாதாரணக் கட்டை, ஒரே நிறத்தில் ஆறு எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஆறையும் எத்தனை விதமாகப் பொருத்தலாம்? கணித அறிஞர்கள் கணினியில் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். 91 கோடியே 51 லட்சத்து 3 ஆயிரத்து 765 விதம். ஆறே கட்டைக்கு! தண்டவாளமோ இரண்டே வார்த்தை பேசும். நேர், வளைவு. நேர்த்துண்டு 16 குமிழ் நீளம், அதாவது 13 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. என்னிடம் இருக்கும் வளைவுத் துண்டெல்லாம் ஒரே அளவு. பதினாறு துண்டு சேர்ந்தால் ஒரு முழு வட்டம். அந்த வட்டம் மேசையில் 70 சென்டிமீட்டர் இடத்தைப் பிடிக்கும். கொஞ்சம் ஒடுங்கிக்கொள் என்று கெஞ்சினாலும் ஒடுங்காது.

ஆகவே ரயில் உள்ள ஊரில் மனை பிரிப்பது ரயில்தான். 32 குமிழ் அகலமுள்ள ஒரு வீட்டு மனை, சரியாக இரண்டு நேர்த்துண்டுகளுக்குச் சமம். வளைவின் உட்பக்கத்தில் சதுர வீடு உட்காராது, குளம் வெட்டலாம். பக்கத்தில் இரண்டாவது பாதை போட்டால் இன்னொரு வேடிக்கை. நேராக ஓடும்போது இரண்டு பாதைக்கும் நடுவே உள்ள தூரம் எங்கும் ஒன்றாக இருக்கும். இரண்டிலும் ஒரே அளவு வளைவுதானே, மூலை வந்ததும் இடைவெளி அகன்றுவிடும். அந்த முக்கோணச் சந்தில் எதைக் கட்டினாலும் இடிக்கும். நான் ஒரு மரம் நட்டேன். நகரத்தைப் பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் பாராட்டுவது அந்த மரத்தைத்தான். இடைஞ்சலை மறைக்க வைத்தது என்று இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

இந்தக் கட்டைகளின் பூர்வீகம் டென்மார்க்கில் பில்லுண்ட் என்ற சிற்றூர். ஓலே கிர்க் கிறிஸ்டியன்சன் என்ற தச்சர், உலகப் பொருளாதாரம் சரிந்து வீடு கட்டுவார் இல்லாமல் போன காலத்தில், 1932இல் மரப்பொம்மை செய்ய ஆரம்பித்தார். நன்றாக விளையாடு என்று பொருள்படும் இரண்டு டேனிஷ் சொற்களைச் சுருக்கியதுதான் லெகோ. 1949இல் பிளாஸ்டிக் கட்டை வந்தது. ஆனால் அப்போது அது உள்ளே வெறும் கூடு. கட்டிய வீட்டைத் தூக்கினால் பாதி கையோடு வரும், பாதி தரையில் நிற்கும். அடிப்பகுதியில் குழாய் வைத்துக் கெட்டியாகக் கவ்வுகிற இன்றைய வடிவத்துக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தது 1958 ஜனவரி 28. அன்றிலிருந்து அளவு மாறவில்லை. தாத்தாவின் கட்டையும் பேரனின் கட்டையும் இன்றும் பொருந்தும்.

நகரம் என்ற எண்ணம் வந்தது ஒரு கப்பல் பயணத்தில். தச்சரின் மகன் கோட்ஃபிரெட், 1954இல் இங்கிலாந்துப் பொம்மைக் கண்காட்சியை ஒட்டிய பயணத்தில், ஒரு பெரிய கடைக்குப் பொம்மை வாங்குகிறவரோடு பேசிக்கொண்டிருந்தார். பொம்மைகளில் எதுவும் எதோடும் சேர மாட்டேன் என்கிறதே, ஓர் ஒழுங்கே இல்லையே என்று அவர் குறைப்பட்டுக்கொண்டார். மறு வருடமே, 1955இல், நகரத் திட்டம் என்ற பெயரில் தெரு வரைந்த விரிப்பும் வீடு கட்டும் கட்டைகளும் விற்பனைக்கு வந்தன. அதே 1955இல்தான், அக்டோபர் 2ஆம் தேதி, நம் பெரம்பூரில் ரயில் பெட்டித் தொழிற்சாலை தொடங்கியது. இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இருந்தாலும் பெரம்பூர் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு அந்த ஞாபகம் வரும்.

டென்மார்க் நகரத்துக்கு ரயில் வந்தது 1966இல். கை கால் அசையும் அந்த மஞ்சள் முக மனிதர்கள் குடியேறியது 1978இல். முதலில் ரோடு, பிறகு வீடு, அப்புறம் போக்குவரத்து, எல்லாவற்றுக்கும் பின்னால் ஆள். புறநகரில் மனை வாங்கியவர்களுக்கு இந்த வரிசை பழக்கமானதாகவே இருக்கும்.

சேர்த்துச் சேர்த்துப் பெருக்குகிற யோசனை லெகோவுக்கு முன்பே உண்டு. ஜெர்மனியில் கோப்பிங்கன் ஊரில் 1859இல் தகரத்தில் பொம்மை வீட்டுச் சாமான் செய்யத் தொடங்கிய மெர்க்லின் நிறுவனம், 1891இல் லைப்சிக் சந்தையில் சாவி கொடுத்தால் ஓடும் ரயிலைக் குறிப்பிட்ட அளவுத் தண்டவாளத்தோடு கொண்டுவந்தது. பொம்மை அடுப்பு வாங்கிய குழந்தைக்கு அடுத்த வருடம் பொம்மைச் சட்டி வேண்டியிருக்கும். எஞ்சின் வாங்கியவனுக்கு அடுத்த வருடம் பெட்டி, அதற்கடுத்த வருடம் நிலையம். வியாபாரமும் விளையாட்டும் ஒரே தண்டவாளத்தில் ஓட ஆரம்பித்தது அங்கேதான்.

என் ரயிலுக்கு வருகிறேன். ஜெர்மனியில் வேலை பார்க்கும் என் அக்கா மகன் ஒரு விடுமுறையில் வந்தபோது ஒரு அட்டைப்பெட்டியைக் கொடுத்தான். “மாமா, பழைய சாமான் சந்தையில கிடைச்சுது. ஓடுமான்னு தெரியாது” என்றான். திறந்தால் 9 வோல்ட் ரயில்! சேகரிப்பவர்கள் இந்த இடத்தில் மூச்சை இழுத்துக்கொள்வார்கள். லெகோ ரயில் 1966இல் நாலரை வோல்ட் பேட்டரியில் ஓடியது. 1969இல் 12 வோல்ட், நடுவில் மின்சாரத்துக்கென்று தனியாக இரண்டு தண்டவாளம். 1980இல் அதே 12 வோல்ட்டில் தூரத்திலிருந்தே இயக்கும் சிக்னலும் பாதை மாற்றியும் வந்தன. 1991இல் வந்தது 9 வோல்ட். ஓடும் தண்டவாளத்தின்மேலேயே உலோகப் பூச்சு, அதிலேயே மின்சாரம். பேட்டரி வேண்டாம், நடுக்கம்பி வேண்டாம். மேசையில் உள்ள திருகைத் திருப்பினால் ரயில் கிளம்பும், இன்னும் திருப்பினால் வேகம் எடுக்கும். 2006இல் மறுபடியும் வெறும் பிளாஸ்டிக் தண்டவாளமும் பேட்டரியும் வந்தன, கொஞ்ச காலத்தில் 9 வோல்ட் நின்றுபோனது. நின்றுபோனதால் அதன் மோட்டார் விலை ஏறியது. இப்போது கைப்பேசியிலிருந்து ஓட்டுகிறார்கள். என் கருத்தைக் கேட்டால், திருகைத் திருப்பும் சுகம் கண்ணாடித் திரையைத் தேய்ப்பதில் இல்லை.

அந்த 9 வோல்ட் ரயிலை வைத்து நான் ஒரு நாள் மேதாவித்தனம் செய்தேன். போன ரயில் தானாகவே திரும்பி அதே பாதையில் வரட்டும் என்று, பாதையின் கோடியில் கண்ணீர்த் துளி வடிவில் ஒரு வளையம் போட்டேன். திருகைத் திருப்பினேன். ரயில் அசையவே இல்லை. வேறு வேலையாக வந்திருந்த எங்கள் தெரு எலக்ட்ரீஷியன் ஒரு பார்வை பார்த்தார். “சார், இடது கம்பி சுத்தி வந்து வலது கம்பியில முட்டுது பாருங்க. பிளஸ்ஸும் மைனஸும் ஒண்ணாச்சு. எப்படி ஓடும்?” என்றார். விரலால் தண்டவாளத்தைத் தொடர்ந்து போனேன். அவர் சொன்னது சரி. ஒரு தண்டவாளம் பிளஸ், மற்றது மைனஸ் என்று வைத்த எந்த ரயிலுக்கும் இந்தத் தலைவலி உண்டு. நடுவில் மூன்றாவதாக ஒரு மின்தடம் வைத்த மெர்க்லின் ரயிலுக்கு இல்லை, அங்கே இடதும் வலதும் ஒன்றுதான். நான் வளையத்தைக் கலைத்தேன். கலைத்த இடத்தில் இப்போது சந்தை இருக்கிறது.

அளவைப் பற்றி ஒரு கணக்கு, ரயில்வேக்காரர்களுக்காக. லெகோ தண்டவாளங்களுக்கு நடுவே ஏறக்குறைய 38 மில்லிமீட்டர். நம் அகலப் பாதை 1,676 மில்லிமீட்டர். வகுத்தால் 44. அந்த 4 சென்டிமீட்டர் மனிதனை 44 மடங்கு வளர்த்தால் ஐந்தே முக்கால் அடி! டென்மார்க்கின் பாதை நம்முடையதைவிடக் குறுகியது. அந்தக் கணக்கில் அவன் ஐந்தடிக்குச் சற்றுக் குறைவாக நிற்பான். ஆக உயரத்தைப் பொறுத்தவரை அவன் நம் ரயிலுக்குத்தான் ஏற்றவன். குண்டாக இருப்பதால் சீட்டில் மூன்று பேர் உட்கார முடியாது, அது வேறு விஷயம். ஆனால் பெட்டியின் நீளத்தில் ஏமாற்றியே ஆக வேண்டும். பெரம்பூர்ப் பெட்டியை அதே கணக்கில் செய்தால் அரை மீட்டர் நெருங்கும், என் வளைவில் திரும்பாது. பாதி நீளத்தில் செய்து நாலு ஜன்னல் வைத்தேன். பார்க்கிறவர்கள் எண்ணுவதில்லை. ஆறு பெட்டிக்கு மேல் கோத்தால் வளைவில் காந்தக் கொக்கி விட்டுவிடும். எஞ்சின் முன்னால் போய்விடும், பெட்டிகள் யோசித்துக்கொண்டு நிற்கும்.

சேகரிப்பதில் இரண்டு ஜாதி உண்டு. பெட்டியைப் பிரிக்காமலேயே அலமாரியில் அடுக்குகிறவர்கள் ஒன்று. பிரித்து ஓட்டி, சக்கரத்தின் ரப்பர் வளையம் தேய்ந்து, மாற்று வளையம் தேடி அலைகிறவர்கள் மற்றொன்று. முதலாமவர்களோடு எனக்குச் சண்டை இல்லை, நாளைக்கு அது நல்ல விலைக்குப் போகும். ஆனால் ஓடாத ரயிலை ரயில் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அது ரயில் படம் போட்ட பெட்டி.

செலவைப் பற்றிச் சொல்லாமல் போனால் நியாயமில்லை. இறக்குமதிப் பொம்மைக்கான சுங்க வரி 2020இல் 20 விழுக்காட்டிலிருந்து 60 ஆயிற்று, 2023இல் 70 ஆயிற்று. புதிதாக ஒரு ரயில் வாங்கும் விலைக்கு நிஜ ரயிலில் குடும்பத்தோடு காசிக்குப் போய் வரலாம். அதனால் நான் வாங்குவதைவிடக் கலைத்துக் கட்டுவதே அதிகம். பேக்கரி இதற்கு முன் வங்கியாக இருந்தது, அதற்கு முன் சிறைச்சாலை.

கலைப்பதற்கு மனசு வருமா என்று கேட்பார்கள். சின்ன வயதில் கொலுப் படிக்குக் கீழே பார்க் கட்டினோமே, நேயர்களே. ஆற்று மணல் பரப்பி, பத்து நாள் முன்பே கேழ்வரகு முளைக்கப் போட்டு வயல் செய்து, கண்ணாடித் துண்டைக் குளமாக்கி, தீக்குச்சிப் பெட்டியில் வீடு கட்டினோம். ஒரு சாவி ரயில் கரகரவென்று சுற்றி வரும். பத்தாம் நாள் எல்லாவற்றையும் வாரி மூட்டை கட்டினோம். அந்தக் காலத்திலும் அந்த ரயில் பார்க்கில் ஏதாவது ஒன்றை இடித்துக்கொண்டே போகும். பெரும்பாலும் செட்டியாரின் கடையை. எல்லாம் அடுக்கி முடித்த பிறகு, இருக்கிற இடத்தில் தண்டவாளத்தைச் செருகியதால் வந்த வினை.

இந்த நவராத்திரிக்கு வீட்டுப் பிள்ளைகள் பார்க் கட்ட உட்கார்ந்தால், ரயில் உண்டா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். உண்டென்றால் மணல் கொட்டுவதற்கு முன்பே தண்டவாளத்தைப் போட்டு, ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். செட்டியாரை அப்புறம் உட்கார வைக்கலாம்.