தோன்றும் முகமும் துணைநிற்கும் கையும்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று யான் பேச எடுத்துக்கொண்ட பொருள் நம் இல்லங்களில் நாள்தோறும் நிகழ்வது. நாள்தோறும் நிகழ்வதனாலேயே நாம் நின்று சிந்தியாதது. 'வீடியோ கால்' என்று நாம் வழங்கும் காணொளிப் பேச்சே அது. நம் சமூகத்துப் பிள்ளைகள் பலர் கோவையிலும் ஈரோட்டிலும் நாமக்கல்லிலும் கல்வி பயின்று, பெங்களூர், சிங்கப்பூர், அமெரிக்கா, ஆஸ்திரேலியா எனப் பல இடங்களிற் சென்று வாழ்கின்றனர். ஊரிலோ, தோட்டத்துச் சாளையில் அப்பாருவும் ஆத்தாவும் தனித்திருக்கின்றனர். இவ்விரு சாரார்க்கும் இடையே பாலமாக நிற்பது உள்ளங்கையளவான ஒரு கண்ணாடித் திரை. அப்பாலம் எவ்வளவு பாரம் தாங்கும் என்பதை ஆராய்வதே என் நோக்கம்.

தொலைவிலுள்ளாரின் குரலைக் கேட்கும் கருவிக்கு அலெக்ஸாண்டர் கிரகாம் பெல் உரிமை பெற்றது 1876-ஆம் ஆண்டில். முகத்தையும் காணவேண்டும் என்னும் வேட்கை அப்பொழுதே எழுந்தது. 1927-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் நாள், அமெரிக்க அமைச்சராயிருந்த ஹெர்பர்ட் ஹூவர் வாஷிங்டனிலிருந்து பேசுகையில் அவர் முகம் நியூயார்க்கில் தோன்றிற்று. 1964-ஆம் ஆண்டில் நியூயார்க் உலகப் பொருட்காட்சியில் படத் தொலைபேசி ஒன்றைக் காட்டினர். கட்டணம் மிகுதியாயிருந்தமையின் அது பரவவில்லை. 2003-இல் தோன்றிய ஸ்கைப் 2006-இல் முகத்தையும் காட்டத் தொடங்கியது. உலகமெங்கும் பரவிய அதுவும் 2025-ஆம் ஆண்டு மே மாதத்தில் மூடப்பட்டது.

நம் நாட்டிற் பொதுமக்களுக்கு இணையம் வந்தது 1995-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள். ஆயினும் சிற்றூர்களுக்குக் காணொளிப் பேச்சைக் கொண்டுவந்தது 2016-ஆம் ஆண்டே எனலாம். அவ்வாண்டு செப்டம்பரில் ஜியோ நிறுவனம் தொடங்கிய பின்னர் இணையத்தின் விலை வீழ்ந்தது. நவம்பரில் வாட்ஸ்அப்பில் முகம் பார்த்துப் பேசும் வசதி வந்தது.

இதனால் விளைந்த நன்மை சிறிதன்று. கடிதக் காலத்தில் எழுத்தறியாத தாய், பிறர் படிக்கக் கேட்டே தன் மகனின் செய்தியை அறிந்தாள். தன் மனத்திலுள்ளதையும் பிறர் கையால் எழுதுவித்தாள். தந்தி வந்தாலோ வீடே நடுங்கும்; அத்தந்தியும் 2013-ஆம் ஆண்டு ஜூலையில் விடைபெற்றது. எஸ்.டி.டி. பூத்தில் நின்றவர்க்கு ஏறும் மீட்டர் மீதே கண் இருந்தது. இன்று அதே தாய் எவர் துணையுமின்றிப் பேரனைப் பார்த்து, 'சாப்பிட்டாயா கண்ணு?' என்று கேட்கிறாள். செவிப்புலன் இல்லாதாரும் தொலைவிலுள்ளாரோடு சைகையால் உரையாடுகின்றனர். 2020-ஆம் ஆண்டு மார்ச்சில் ஊரடங்கு வந்து விமானங்கள் நின்றபோது, பெற்றோரின் இறுதிச் சடங்கை இத்திரையிற் கண்டு அழுதவர் எத்தனை பேர்! அதுவும் இல்லையேல் அவர்க்கு ஆறுதல் ஏது?

இனி, அன்பர்களே, இதன் மறுபுறத்தையும் நோக்குவோம். திரை முகத்தைக் காட்டும், நிலையைக் காட்டாது. மகன் அழைக்கும் நேரம் அறிந்து தந்தை சட்டை மாற்றி அமர்கிறார். 'சௌக்கியந்தான், நீ கவலைப்படாதே' என்கிறார். வீங்கிய கால் திரைக்கு வெளியே இருக்கிறது. வாங்காத மருந்தும் மூட்டாத அடுப்பும் அவ்வாறே. குரல் மட்டும் கேட்ட நாளில் மகனுக்கு ஐயம் இருந்தது. ஐயத்தால் ஊருக்கு வந்தான். இப்பொழுதோ கண்ணாற் கண்டுவிட்டோம் என்னும் துணிவு வந்து பயணத்தைத் தள்ளிப் போடுகிறது. நான் அஞ்சுவது இத்துணிவையே.

ஆயின் இக்கருவி எங்கே முழுப் பயன் தருகிறது? அதற்கு ஒரு சான்று நம் தமிழகத்திலேயே உண்டு. 1976-ஆம் ஆண்டில் டாக்டர் வெங்கடசாமி மதுரையிற் பதினொரு படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 1997 முதல் நம் கோவையிலும் தொண்டாற்றி வருகிறது. இம்மருத்துவமனையார் சிற்றூர்களிற் கண் பரிசோதனை நிலையங்களை அமைத்தனர். 2006-ஆம் ஆண்டளவில், கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தார் துணையுடன், தேனி மருத்துவமனையை ஐந்து சிற்றூர் நிலையங்களோடு கம்பியில்லா இணைப்பாற் பிணைத்தனர். தேனியிலிருந்த மருத்துவர் திரைவழியே நோயாளியோடு பேசினார். ஆனால் நோயாளியின் அருகே பயிற்சி பெற்ற பணியாளர் ஒருவர் இருந்தார்! கண்ணைக் கருவியால் ஆராய்ந்து கூறியவர் அவரே. தொலைவில் அறிவு, அருகில் கை. இரண்டும் கூடியதனாலன்றோ அம்முறை வென்றது?

அருகில் ஒருவரும் இல்லாதவிடத்து இதே கருவி எவ்வாறு கேடாகிறது என்பதற்கும் சான்று உண்டு. 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்னும் மோசடியைச் செய்தித்தாள்களிற் படித்திருப்பீர்கள். காவலர் உடை தரித்த ஒருவன் திரையில் தோன்றுவான். பின்னே காவல் நிலையம் போன்ற காட்சி இருக்கும். 'உம் பேரில் வழக்கு உளது, அழைப்பைத் துண்டிக்கலாகாது, எவரிடமும் சொல்லலாகாது' என்று மணிக்கணக்கில், சிலரை நாட்கணக்கில், திரைமுன் நிறுத்தி வாழ்நாட் சேமிப்பைப் பறிப்பான். அத்தகைய கைதுமுறை சட்டத்தில் இல்லை என்று பிரதமரே 2024-ஆம் ஆண்டு அக்டோபர் 27-ஆம் நாள் வானொலி உரையில் எச்சரித்தார். கற்றோரும் இதில் வீழ்கின்றனர். காரணம் யாது? முகத்தைக் கண்டோம் என்னும் நம்பிக்கையும், அருகில் கேட்பார் இல்லாத தனிமையுமே. 'எவரிடமும் சொல்லாதே' என்பதே அக்கள்வனின் முதற் கட்டளை என்பதைக் கருதுங்கள். பக்கத்து வீட்டார் ஒருவர் 'என்னங்க அது?' என்று எட்டிக் கேட்டால் அவன் வலை அறுந்துபோம்.

நம் முன்னோர் இவ்வுண்மையை அறிந்திருந்தனர். திருமணத்தில் இணைச்சீர் செய்ய மணமகனின் உடன்பிறந்தாள் வந்து நிற்கவேண்டும். உடன்பிறந்தாள் இல்லையெனில் பங்காளி வீட்டுப் பெண் அவ்விடத்தில் நிற்பாள். இடம் வெறுமையாய் இருத்தலாகாது என்பதே அதன் கருத்து. வெளிநாட்டிலுள்ள தங்கை திரையிற் பார்த்து வாழ்த்தட்டும். சீருக்கு நிற்க ஒருத்தி மணவறையில் வேண்டுமன்றோ?

இலக்கியத்தையும் நோக்குங்கள். கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் ஒருவரையொருவர் கண்டதில்லை. அவர்தம் நட்போ குறைந்ததில்லை. ஆகவே முகங்காண்டல் நட்புக்கு இன்றியமையாததன்று. ஆயினும் சோழன் உறையூர் நீங்கி வடக்கிருந்தபோது, தன் அருகே நண்பனுக்கு ஓர் இடம் ஒழித்துவைக்கச் செய்தான். பாண்டிநாட்டிலிருந்து புலவரும் வந்து அங்கே அமர்ந்தார். காணாமலே வளர்ந்த அன்புங்கூட, உற்ற வேளையில் அருகே வந்து அமர்ந்தன்றோ நிறைவெய்திற்று!

ஆகவே நம் சமூகத்தார்க்குச் சில வேண்டுகோள்களை விடுக்கின்றேன். வெளியூரிலுள்ள மக்களே, பெற்றோரோடு பேசுங்கள். அதனோடு அமையாமல், அடுத்த தோட்டத்தாரோடும் பங்காளிகளோடும் மாதம் ஒருமுறையேனும் பேசி மெய்ந்நிலை கேளுங்கள். விழாவுக்கும் விசேடத்துக்கும் மட்டுமன்றி, காரணமின்றியும் ஒருமுறை வந்து தங்குங்கள். ஊரிலுள்ள இளைஞர்களே, தனித்து வாழும் முதியோர் வீடுகளை உங்களுக்குள் பங்கிட்டுக்கொண்டு வாரம் ஒருமுறை சென்று பாருங்கள்; கைப்பேசி வழங்கும் முறையையும் அதன் வஞ்சகங்களையும் பொறுமையோடு கற்பியுங்கள். முதியோர்களே, காவலுடையில் எவன் தோன்றி அச்சுறுத்தினும் அழைப்பைத் துண்டித்து, உடனே பிள்ளைகளுக்கும் அண்டை வீட்டார்க்கும் சொல்லுங்கள். 1930 என்னும் எண்ணிற் புகார் செய்யுங்கள். உடல் நோயையும் பிள்ளைகளுக்கு மறைக்க வேண்டா. இப்பணிகளை ஊர்தோறும் ஒழுங்குபடுத்துதல் நம் சங்கத்தின் கடமை. அடுத்த கூட்டத்திற்குள் ஒவ்வோர் ஊர்க்கிளையும் தனித்து வாழும் முதியோர் பட்டியலைத் தருமாறு தலைவரவர்களை வேண்டுகின்றேன்.

விஞ்ஞானம் தொலைவிலுள்ள முகத்தை நம் கையில் தந்தது. விழுந்தாரைத் தூக்கும் கையை அது தரவில்லை. அதனைத் தரவேண்டியவர் நாமே.