டிராக்டருக்குக் கணக்குப் பாருங்கள், பயிருக்குத் தயங்காதீர்கள்

(உழவர் பயிற்சிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



உளுந்து சாகுபடி பற்றிப் பேச வேண்டியவன் இன்ஷூரன்ஸ் பற்றிப் பேசுகிறேனே என்று எண்ண வேண்டாம். காரணம் இருக்கிறது.

சில மாதங்களுக்கு முன் ஓட்டப்பிடாரம் பக்கம் வயல் பார்க்கச் சென்றிருந்தேன். அங்கே ஒரு விவசாயி தம் டிராக்டரைக் காட்டினார். வ.உ.சி. துறைமுகத்துக்குச் செல்லும் கன்டெய்னர் லாரிக்கு ஒதுங்கியபோது பாலத்துச் சுவரில் மோதி, முன் அச்சு வளைந்துவிட்டது. பழுது பார்க்க ரூ.7,000. "சார், கம்பெனியிடம் கேட்கலாமா, கைக்காசைப் போட்டுவிடலாமா?" என்றார்.

திண்ணையில் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். வாகனச் சேதத்துக்கு இழப்பீடு கோராமல் இருந்தால், சொந்தச் சேதப் பிரீமியத்தில் ஆண்டுக்கு ஆண்டு 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று தள்ளுபடி ஏறும். ஒரு முறை கோரினால் ஏறியது முழுவதும் போய்விடும். மீண்டும் முதற்படியிலிருந்து ஏற வேண்டும். இவருக்குத் தள்ளுபடிக்கு முன் பிரீமியம் ரூ.4,000. அடுத்த புதுப்பிப்பில் 50 சதவீதம் கிடைக்கும் நிலை. கோராவிட்டால் ஐந்து ஆண்டுகளில் ரூ.10,000 கட்டுவார். கோரினாலோ 4,000, 3,200, 3,000, 2,600, 2,200 என்று மொத்தம் ரூ.15,000. (பிரீமியம் மாறாது என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு இது.)

ஆக, கோருவதற்கு விலை ரூ.5,000. அவர் பாலிசிப்படி கட்டாயக் கழிவு ரூ.2,000. ஏழாயிரத்தில் அது போனால் மிச்சமும் ஐயாயிரம்தான். ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்குப் பாதி விலையே தருவார்கள். அதையும் கழித்தால் நஷ்டம். "கைக்காசைப் போடுங்கள் அண்ணாச்சி" என்றேன்.

இதுவே ரூ.40,000 செலவு என்றால் யோசிக்காமல் கோர வேண்டும். ஆனால் பழுது பார்க்குமுன் தகவல் தர வேண்டும். சர்வேயர் பார்க்காத சேதத்துக்குப் பணம் கிடைப்பது கடினம். மட்கார்டு, பானெட், முகப்பு விளக்கு ஆகியவற்றுக்குக் கூடுதல் பிரீமியம் கட்டியிருக்கிறீர்களா என்று பாலிசியில் பாருங்கள். ஆளுக்கு அடிபட்டிருந்தால் இந்தக் கணக்கே கூடாது. போலீசுக்கும் கம்பெனிக்கும் உடனே தெரிவியுங்கள்.

எழுந்திருக்கும்போது அவர் சொன்ன ஒரு சொல்தான் என்னை இங்கே பேச வைத்தது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழை உங்களுக்கு மறந்திருக்காது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. கொட்டியது. அப்போது இவருடைய பள்ளக்காட்டு உளுந்து நான்கு நாள் தண்ணீரில் நின்றது. தண்ணீர் தேங்கினால் உளுந்து தாங்காது. பயிர்க் காப்பீடு செய்திருந்தும் அவர் யாரிடமும் சொல்லவில்லை. "கேட்டால் அடுத்த வருஷம் பிரீமியம் ஏறிவிடும் என்று நினைத்தேன் சார்" என்றார்.

டிராக்டர் பாலிசியின் சட்டத்தைப் பயிருக்குப் பொருத்திவிட்டார்! பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் இழக்க வேண்டிய தள்ளுபடி எதுவும் இல்லை. தானியம், பயறு, எண்ணெய்வித்துக்களுக்கு விவசாயியின் பங்கு காரீப்பில் 2 சதவீதம், ராபியில் 1.5 சதவீதம், வணிகப் பயிர், தோட்டப் பயிர்களுக்கு அதிகபட்சம் 5 சதவீதம். எத்தனை முறை இழப்பீடு வாங்கினாலும் இந்த உச்சவரம்பு ஏறாது.

ஊர் முழுவதும் விளைச்சல் குறைந்தால் பயிர் அறுவடைப் பரிசோதனை மூலம் கணக்கிடுவார்கள்; நீங்கள் மனுப் போட வேண்டாம். உங்கள் வயல் மட்டும் வெள்ளத்தில் மூழ்கினாலோ, ஆலங்கட்டி மழையில் சிக்கினாலோ, 72 மணி நேரத்துக்குள் நீங்களே தெரிவித்தாக வேண்டும். அறுத்துக் களத்தில் காயப்போட்ட பயிர் புயல் மழையில் நனைந்தாலும் அப்படியே. அறுவடையிலிருந்து 14 நாள் வரை பாதுகாப்பு உண்டு. 14447 என்ற எண்ணில் சொல்லலாம். வங்கியிலோ வேளாண்மை அலுவலகத்திலோ சொல்லலாம். சர்வே எண், காப்பீட்டு ரசீது, வயலின் போட்டோ கையில் இருக்கட்டும். பார்வையிட வருமுன் உழுதுவிடாதீர்கள்.

இந்தத் தனி வயல் பிரிவு உங்கள் பயிருக்கும் கிராமத்துக்கும் அறிவிக்கப்பட்டிருக்கிறதா என்று மட்டும் விதைப்புக்கு முன்பே விரிவாக்க மையத்தில் கேட்டுவிடுங்கள். பாலிசி கொண்டு வந்திருப்பவர்கள் முன்னால் வாருங்கள், பார்ப்போம்.