ஒரே மரபணு, இரண்டு புரதங்கள்



வீட்டில் ஒருவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்ததும், "ஜீன்ல ஏதாவது கோளாறா டாக்டர்?" என்று கேட்கிறோம். நியாயமான கேள்விதான். ஆனால் ஒரு மரபணுவில் ஓர் எழுத்துகூடப் பிசகாமல் இருக்கும்போதே, அதைக் கொண்டு செல் தயாரிக்கும் புரதம் மாறிப்போவதுண்டு. இன்றைக்கு அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

நம் மரபணுக்களில் பெரும்பாலானவை ஒரே தொடர்ச்சியாக எழுதப்பட்டவை அல்ல. பொருளுள்ள துண்டுகள் எக்ஸான்கள். அவற்றுக்கு நடுவே வெட்டி நீக்கவேண்டிய நீண்ட பகுதிகள் இன்ட்ரான்கள். 1977இல் ரிச்சர்ட் ராபர்ட்ஸ், ஃபிலிப் ஷார்ப் இருவரும் தனித்தனியாக, சளிக் காய்ச்சல் தரும் அடினோவைரஸில் இதைக் கண்டுபிடித்தார்கள். 1993இல் இருவருக்கும் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. செல் முதலில் மரபணு முழுவதையும் ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கிறது. பிறகு இன்ட்ரான்களை வெட்டிவிட்டு எக்ஸான்களை ஒட்டுகிறது. இந்த வேலைக்குப் பெயர் ஸ்ப்ளைசிங்.

ஒட்டும்போது எல்லா எக்ஸான்களையும் சேர்த்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. செங்கல்பட்டு போகும் மின்சார ரயில் கூடுவாஞ்சேரி, பொத்தேரி, காட்டாங்குளத்தூர் என்று வரிசையாக நின்று போகும். வெளியூர் எக்ஸ்பிரஸ் அதே வழியில்தான் வருகிறது, ஆனால் பொத்தேரியில் நிற்காது. அதுபோல ஒரே மரபணுவிலிருந்து, ஓர் எக்ஸானைச் சேர்த்து ஒரு புரதமும், அதைத் தாண்டிவிட்டு இன்னொரு புரதமும் உருவாகும். மனிதனுக்குப் புரதம் தரும் மரபணுக்கள் சுமார் 20,000தான். அவற்றில் பல எக்ஸான்கள் கொண்டவற்றில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் இப்படிப் பலவிதமாக ஒட்டப்படுகின்றன. மூளைக்கு ஒரு வடிவம், தசைக்கு ஒரு வடிவம் என்று உடம்பு இதை நல்ல காரியத்துக்குத்தான் வைத்திருக்கிறது. புற்றுச் செல்லும் இதே வசதியைப் பயன்படுத்திக்கொள்கிறது.

செல்லின் மேல்சவ்வில் இருக்கும் புரதங்களில் இந்த மாற்றம் நடந்தால் அதற்கு முக்கியத்துவம் அதிகம். இரத்தத்தில் செலுத்தும் ஆன்டிபாடி மருந்து செல்லுக்குள் சுலபமாகப் போகாது. வெளியே நீட்டிக்கொண்டிருப்பதைத்தான் பிடிக்கும். புற்றுச் செல்லின் வெளிப்புறத்தில் மட்டும் ஒரு கூடுதல் துண்டு இருந்தால், அதைக் குறிவைத்து அந்தச் செல்லை மட்டும் கொல்லலாமே என்று விஞ்ஞானிகள் நினைத்தது இயல்பு.

அப்படி அவர்கள் நம்பிய புரதம் சி.டி.44. அதன் மரபணுவில் சுமார் 20 எக்ஸான்கள். அவற்றில் ஏறத்தாழ பாதி, சேர்க்கவோ விடவோ கூடியவை. 1991இல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் உர்சுலா குந்தர்ட், பீட்டர் ஹெர்லிச் குழுவினர், பரவும் குணமில்லாத எலிப் புற்றுச் செல்களுக்குள் கூடுதல் எக்ஸான் கொண்ட சி.டி.44 வடிவத்தைச் செலுத்தினார்கள். அந்தச் செல்கள் எலியின் உடலில் பரவ ஆரம்பித்தன. ஆய்வுலகமே அந்த வடிவத்தை நோக்கித் திரும்பியது.

ஆறாவது மாறும் எக்ஸானைக் கொண்ட வடிவத்தைப் பிடிக்க ஓர் ஆன்டிபாடி செய்து, அதில் கடுமையான செல்கொல்லி மருந்தையும் கோத்தார்கள். பெயர் பிவாடுசுமாப் மெர்டான்சின். தலை, கழுத்துப் பகுதிப் புற்றுநோயாளிகளிடம் அது சோதிக்கப்பட்டது. சிலருக்குக் கட்டி சுருங்கவும் செய்தது. ஆனால் ஒரு நோயாளிக்குத் தோல் முழுவதும் வெந்ததுபோல் உரிந்து, அவர் இறந்துபோனார். சோதனையை நிறுத்தினார்கள். காரணம், நம் ஆரோக்கியமான தோலின் செல்களிலும் அதே வடிவம் உண்டு. புற்றுநோயில் இது இருக்கிறதா என்று தேடுவதோடு, உடம்பில் வேறெங்கே இருக்கிறது என்றும் அதே சிரத்தையோடு தேட வேண்டும். அந்த உயிரின் விலை அதை நமக்குச் சொல்லியிருக்கிறது.

நல்ல பலன் தந்த கதையும் உண்டு. நுரையீரல் புற்றுநோயின் பெரும்பான்மை வகையில், நூற்றுக்கு மூன்று பேர் அளவில், மெட் என்ற சவ்வுப் புரதத்தின் 14ஆம் எக்ஸான் விடுபட்டிருக்கும். இங்கே கோளாறு பெரும்பாலும் வெட்டுமிடத்தைக் காட்டும் எழுத்துகளில்தான். வேலை முடிந்த மெட் புரதத்தை அழித்துவிடு என்று செல்லுக்குச் சொல்லும் பகுதி அந்த எக்ஸானில் இருக்கிறது. அது போனதும் புரதம் அழியாமல் நின்று, வளர் வளர் என்று செல்லைத் தூண்டிக்கொண்டே இருக்கும். ஆய்வுக்கூடத்தில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். துண்டுகளை அளவுவாரியாகப் பிரித்துக் காட்டும் ஜெல் தட்டில் சாதாரணத் திசுவுக்கு ஒரு கோடு தெரியும். கட்டிக்கு அதற்குக் கீழே இன்னொரு கோடு. 141 எழுத்து குறைந்த ஆர்.என்.ஏ.விலிருந்து வந்தது அது. சிறியது என்பதால் ஜெல்லில் அதிக தூரம் ஓடியிருக்கிறது. 2020இல் ஜப்பானில் டெபோடினிப், அதே ஆண்டு அமெரிக்காவில் காப்மாடினிப் என்று இதற்கான மாத்திரைகள் அனுமதி பெற்றன.

நம் நாட்டுக்கு நெருக்கமான செய்தி ஒன்றும் உண்டு. மும்பை ஐ.ஐ.டி.யும் டாடா நினைவு மையமும் உருவாக்கிய நெக்ஸ்கார்19 என்ற, நோயெதிர்ப்பு செல்களையே மருந்தாக்கும் கார்-டி செல் சிகிச்சைக்கு 2023 அக்டோபரில் அனுமதி கிடைத்தது. சிலவகை இரத்தப் புற்றுநோய்களில் சி.டி.19 என்ற சவ்வுப் புரதத்தை அது தேடிப்போய்த் தாக்குகிறது. சி.டி.19ஐக் குறிவைக்கும் இத்தகைய சிகிச்சைக்குப் பிறகும் சிலருக்கு நோய் திரும்புகிறது. ஏன் என்று ஃபிலடெல்ஃபியா குழந்தைகள் மருத்துவமனை ஆய்வாளர்கள் 2015இல் ஒரு விடை கண்டார்கள். புற்றுச் செல் சி.டி.19இன் இரண்டாம் எக்ஸானை விட்டுவிடுகிறது. சிகிச்சை அடையாளம் காணும் இடம் அங்கேதான் இருந்தது. புற்றுச் செல் தப்பிக்கும் வழிகளில் இதுவும் ஒன்று.

2025 பிப்ரவரியில் சென்னை ஐ.ஐ.டி., இந்திய மார்பகப் புற்றுநோயாளிகளின் 480 திசு மாதிரிகளைப் படித்து, பாரத் புற்றுநோய் மரபணுத் தொகுப்பை வெளியிட்டது. பெருமைப்படவேண்டிய வேலை. அது டி.என்.ஏ.வைப் படித்த வேலை. எக்ஸான்கள் எப்படி ஒட்டப்பட்டன என்பதை நேரடியாகக் காட்டுவது ஆர்.என்.ஏ. அதையும் அடுத்துப் படிக்க வேண்டும். கட்டியோடு அதே நோயாளியின் நல்ல திசுவையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஆர்.என்.ஏ. சட்டென்று சிதைந்துவிடும். நம் விரல் நுனியில் இருக்கும் நொதியே அதை அழித்துவிடும். அறுவை முடிந்ததும் கட்டியை ஃபார்மலின் பாட்டிலில் போட்டு, உறவினர் கையில் கொடுத்து, "லேப்ல கொடுத்துட்டு வாங்க" என்பதைப் பார்த்திருப்பீர்கள். நோயை உறுதிசெய்ய அது போதும். ஆனால் ஃபார்மலினில் ஆர்.என்.ஏ. துண்டு துண்டாகிப்போகும். அப்படியே முழுசாகக் காக்க, எடுத்த சில நிமிடங்களில் ஒரு சிறு துண்டைத் திரவ நைட்ரஜனில் உறைய வைக்க வேண்டும். காட்டாங்குளத்தூர் எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழக வளாகத்தில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் மரபுப் பொறியியல் துறையும் ஒரே இடத்தில் இருக்கின்றன. அறுவை அரங்கும் ஆய்வுக்கூடமும் இப்படி நடக்கும் தூரத்தில் அமைந்த வளாகங்கள்தான் இந்த வேலைக்குப் பொருத்தமானவை என்பது என் உறுதியான எண்ணம்.

நேயர்களே, உங்கள் வீட்டில் யாருக்காவது நுரையீரல் புற்றுநோய் என்றால், மெட் 14ஆம் எக்ஸான் சோதனை செய்தார்களா, ஆர்.என்.ஏ.விலும் பார்த்தார்களா என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள். டி.என்.ஏ. சோதனையில் தவறிப்போவது சில நேரம் ஆர்.என்.ஏ. சோதனையில் அகப்படும். அறுவை சிகிச்சைக்கு முன்னால், ஆய்வுக்காகக் கொஞ்சம் திசு வைத்துக்கொள்ளலாமா என்று யாராவது படிவம் நீட்டினால், எதற்கு, எங்கே வைப்பீர்கள், பெயர் வெளியே தெரியுமா என்று எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மனம் ஒப்பினால் கையெழுத்துப் போடுங்கள்.