கிற்றார் பழகத் தொடங்குவோருக்கு



கல்முனைக் கரையோரப் பாடசாலைகளில் கிற்றார் பழக ஆசைகொள்ளும் மாணவர் பலரைக் காண்கின்றேன். அவ்வாசை மூன்று நான்கு வாரங்களில் வாடிப்போவதையும் காண்கின்றேன். "இவனுக்குக் கை வராது" என்று வீட்டார் தீர்ப்புக் கூறிவிடுகின்றனர்; பையனும் அதனை நம்பிவிடுகின்றான். அத்தீர்ப்புப் பெரும்பாலும் பிழையானது. அதைச் சொல்லவே இன்று வந்துள்ளேன்.

நரம்பிசைக் கருவிகள் குறித்து மார்க்க அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதில் முடிவு கூறுவது என் பணியன்று. வீட்டுப் பெரியோரின் சம்மதத்துடன் தொடங்குவதே முறை என்பதோடு அமைகின்றேன்.

என் மாணவர் ஒருவருக்கு, வெளிநாட்டிலிருந்து வந்த மச்சான் விட்டுச்சென்ற பழைய கிற்றார் கிடைத்தது. விரல் நுனி கன்றிச் சிவந்தும் ஒரு சுரமேனும் தெளிவாக எழவில்லை. எடுத்துப் பார்த்தேன். கருவியின் கழுத்து வளைந்து, தந்திகள் எட்டாத உயரத்தில் நின்றன. உருக்குத் தந்திக் கிற்றாரில் பன்னிரண்டாம் மெட்டினருகே தந்திக்கும் மெட்டுக்கும் இடையே 2 அல்லது 3 மில்லிமீற்றர் இடைவெளியே வழக்கம். அதனினும் மிக உயர்ந்திருப்பின் தேர்ந்த வித்துவானும் திணறுவார். பிள்ளையை நோவது எப்படி நியாயமாகும்? ஆதலால், கருவி வாங்குமுன் வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டுக. நைலோன் தந்திக் கருவி விரலுக்கு இதமானது.

நல்ல கருவியிலும் முதல் வாரங்களில் விரல் வலிக்கவே செய்யும். தோல் தடித்ததும் வலி தானே நீங்கும். நாளொன்றுக்குக் கால்மணி நேரம் தவறாது பழகுவது, வெள்ளிக்கிழமை மட்டும் மூன்று மணி நேரம் வருந்துவதினும் மேலானது. தந்தியை மெட்டின் மேலே அழுத்தாமல், அதற்குச் சற்றுப் பின்னே அழுத்தினால் பாதி வலிமை போதும்.

அடுத்தது சுருதி. இதனைப் பலர் அலட்சியம் செய்கின்றனர். தடித்த ஆறாம் தந்தியை ஐந்தாம் மெட்டில் அழுத்தி மீட்டினால் எழும் ஒலியும், ஐந்தாம் தந்தியை அழுத்தாது மீட்டும் ஒலியும் ஒன்றாக வேண்டும். இவ்வாறே தந்தி தந்தியாக இறங்குக. மூன்றாம் தந்தியில் மட்டும் நான்காம் மெட்டு. கைத்தொலைபேசியில் சுருதி காட்டும் செயலிகள் உண்டெனினும், காதால் சேர்க்கப் பழகிய பிள்ளைக்கே இசை வசமாகும்.

பாட்டுக்குத் துணையாக மீட்ட, தொடக்கத்தில் மூன்று சுரக்கூட்டுகள் போதும். பிள்ளைகள் இவற்றைக் 'கோட்' என்பர். ஏ, டி, ஈ என்னும் இம்மூன்றும் நம் சங்கீத ஆசிரியரின் சட்ஜமம், சுத்த மத்திமம், பஞ்சமம் ஆகியவற்றை அடிப்படையாகக் கொண்டவையே. ஏ கூட்டுக்கு இரண்டாம், மூன்றாம், நான்காம் தந்திகளை இரண்டாம் மெட்டில் அழுத்தினாற் போதும். கூட்டைப் பிடிப்பதன்று கடினம். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாளம் தவறாது மாறுவதே கடினம். மெதுவாக மாறுக.

இங்கேதான் நம் பிள்ளைகளுக்கு ஒரு சொத்து இருக்கின்றது. நம் ஊர்களில் நரம்பிசை அரிது. ஆனால் றபானும் களிகம்பும் உண்டு. அவற்றின் அடி தெரிந்த பிள்ளைக்கு வலக்கையின் வேலை பாதி கைவந்தது. வடக்கே நாற்பது கிலோமீற்றர் தொலைவிலுள்ள மட்டக்களப்பில் போர்த்துக்கேயர் 1628இல் கோட்டை கட்டினர். அவர்கள் போயினும் அங்குள்ள பறங்கியர் குடும்பங்களில் அவர்தம் மொழியும் கஃப்ரிஞ்ஞா ஆட்டப்பாட்டும் தங்கின. பைலாவின் துள்ளல் அத்தகைய ஆட்டப்பாட்டிலிருந்து கிளைத்ததே. நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் பாடிய தமிழ்ப் பொப் பாடல்களில் அத்துள்ளலைக் கேட்டிருப்பீர்கள். எனவே, இடக்கை நோகும் நாளில் தந்திகளை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, வலக்கையால் தாளத்தை மட்டும் மீட்டிப் பழகலாம். அந்நாளும் வீண்நாளன்று.

இறுதியாகக் கடற்கரையோருக்கு ஒரு வார்த்தை. உப்புக் காற்றில் உருக்குத் தந்தி விரைவில் துருப்பிடிக்கும். துருப்பிடித்த தந்தி விரலையும் அறுக்கும், சுருதியிலும் நில்லாது. வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் ஒவ்வொரு தந்தியையும் துடைத்து, கருவியை உறையில் இட்டு வைக்கவும். ஜன்னலோரம் சாய்த்து வைக்கவேண்டாம்.